இருபத்தேழுக்கு ஒரு குரல்

பேருந்துகள் எல்லாம் வந்து திரும்பிப் போகிற கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்த அரசு உயர்நிலைப் பள்ளி. முன்னால் கிடங்குகள், பின்னால் வரிசையாக வாடகை வீடுகள். பிழைப்புக்காக எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். ஒரு பிள்ளை திடீரென்று நின்றுபோனால் அது அங்கே அதிசயமே இல்லை. பெஞ்சில் கொஞ்சம் தாராளமாக உட்காரலாம், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் மட்டும் அது நடக்காது. அந்த வகுப்பு ஆசிரியையை எல்லாரும் ஸ்கூட்டர் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஒரு பிள்ளை மூன்று நாள் சேர்ந்தாற்போல வராவிட்டால் மாலையில் அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கும். நாற்காலி போட்டாலும் போடாவிட்டாலும் டீச்சர் உட்கார்ந்துவிடுவார். சண்டை போடமாட்டார், புத்தி சொல்லமாட்டார். திருத்த வேண்டிய விடைத்தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே இருப்பார். போன வருடம் ஒரு லாரி ஓட்டுநர், "இந்தம்மாவை எழுப்புறதை விடப் பொண்ணை அனுப்பிடறதே சுலபம்" என்று தலையில் அடித்துக்கொண்ட கதை பள்ளி முழுக்கப் பிரசித்தம். அந்தப் பெண் மறுநாளே வகுப்பில் இருந்தாள்.

கிளிக்கும் அந்தக் கதை தெரியும். தெரிந்துதான் அப்படிச் செய்தாள்.

கிளி என்பது வகுப்பு வைத்த பெயர். தன் சொந்தக் குரலில் அவளுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. கேள்வி கேட்டால் காது மடல் சிவந்துபோகும். ஆனால் அடுத்தவர் குரல் என்றால் அவளுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. தலைமையாசிரியரின் இருமல், காவலாளியின் கொட்டாவி, யாரையும் விடமாட்டாள். அவள் பக்கத்தில் உட்காருகிறவள் மணல். தொண்டையில் ஒரு பிடி மணலைப் போட்டுக் குலுக்கின மாதிரி கரகரப்பான குரல் என்பதால் கிளியே வைத்த பெயர் அது. கிளியின் கூச்சம் மணலிடம் மட்டும் செல்லாது.

"அடியே, ஒரு வாரம் எனக்கு உள்ளேன் சொல்லிடுடி" என்றாள் மணல் ஒருநாள். "அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு. அம்மா ஆஸ்பத்திரியில கூட இருக்காங்க. அம்மா இடத்துல நான் துணி கம்பெனிக்குப் போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்."

"மாட்டிக்கிட்டா?"

"டீச்சருக்குக் காதுதான் கண்ணு. நீ என் குரல்ல பேசினா எங்கம்மாவே என்னன்னு கேப்பாங்க."

"ஒரு வாரம்தானே?"

"ஒரே வாரம். அப்புறம் நீ கெஞ்சினாலும் நான் விடமாட்டேன், நானே சொல்லிப்பேன்."

டீச்சருக்குக் காதுதான் கண் என்பது உண்மை. வருகை எடுக்கும்போது எண்ணைக் கூப்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். குரலை வைத்தே யாருக்குச் சளி, யார் வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அது திருப்புதல் தேர்வுக்குப் படிக்கிற மாதம் வேறு. இரண்டு பிரிவுகளை ஒன்றாகப் போட்டிருந்தார்கள். பெஞ்சுக்கு ஐந்து பேர். வருகை எடுத்து முடித்ததும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நடைகூடத்திலும் படிக்கட்டிலும் உட்கார்ந்து படிக்கப் போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி குறைந்தால் யாருக்குத் தெரியும்?

"இருபத்தேழு."

"உள்ளேன் டீச்சர்" என்றது மணலின் குரல், கிளியின் வாயிலிருந்து. பின்பெஞ்சு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. டீச்சர் நிமிரவே இல்லை.

வாரம் முடிந்தது. மணல் வரவில்லை.

பள்ளி விட்டதும் கிளி அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். கதவு பூட்டியிருந்தது. "இருட்டின பிறகுதான் வருவா. கம்பெனி வண்டி கொண்டாந்து விடும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இருட்டின பிறகு வெளியே போனால் கிளியின் அம்மா காலை உடைத்துவிடுவாள். சரி, நாளைக்கு வந்துவிடுவாள் என்று திரும்பிவிட்டாள்.

மறுநாள் எண்ணைக் கூப்பிட்டபோது குரல் தானாகவே வந்தது.

வகுப்புத் தலைவி ஒருத்தி இருந்தாள். எல்லாரையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதால் நாட்டாமை. அவள் ஒருநாள் குழாயடியில் கிளியைப் பிடித்தாள்.

"போதும்டி. நீ நிறுத்தினாத்தான் டீச்சர் அவ வீட்டுக்குப் போவாங்க."

"போனா மாட்டிப்பா. வருகை குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்க, தெரியும்ல?"

"படிக்காம வருகையை மட்டும் வச்சு என்னடி பண்ணுவா?"

"நீ உன் வேலையைப் பாரு" என்றாள் கிளி. சொந்தக் குரலில் அவ்வளவு துணிச்சலாக அவள் பேசினது அதுதான் முதல் தடவை.

நாட்டாமை சொன்னதில் நியாயம் இருந்தது என்று அன்றைக்கே மனதுக்குள் ஒரு மூலையில் பட்டது. ஆனால் அந்த மூலைக்குள் கிளி போகவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது. காலையில் அந்த ஒரு நொடி வகுப்பே அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அதுவரைக்கும் யாரும் அவளுக்காக எதற்கும் காத்திருந்ததில்லை. தோழிக்குக் காவல் நிற்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதுவும் பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே இல்லை.

வகுப்புப் புகைப்படம் எடுக்கிற நாள் வந்தது. மைதானத்தில் பெஞ்சுகளை அடுக்கி எல்லாரையும் ஏற்றினார்கள்.

"உயரமா இருக்கிறவங்க பின்னாடி போங்கம்மா" என்று கத்தினார் புகைப்படக்காரர். "சிரிங்க, சிரிங்க. ரிசல்ட் இன்னும் வரல, இப்பவே ஏன் இந்த மூஞ்சி?"

டீச்சர் நடு நாற்காலியில் உட்காரும் முன்னால் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நம்ம கரகரப்புக்காரி எங்கே?"

புகைப்படக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"காலையில உள்ளேன்னு சொன்னாளே. உடம்பு சரியில்லையா?"

பின்வரிசையில் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். பிறகு, யார் முதலில் என்று தெரியவில்லை, ஒவ்வொரு பார்வையாகக் கிளியின் பக்கம் திரும்பியது. அவள் வாயைத் திறந்தாள். எந்தக் குரலும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

டீச்சருக்குப் புரிய நேரம் ஆகவில்லை. "எப்போலேர்ந்து?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் புகைப்படத்தில் யாருமே சிரிக்கவில்லை.

மாலையில் கிளியை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு டீச்சர் கிளம்பினார். வழி முழுக்கத் திட்டுவார் என்று கிளி எதிர்பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மணலின் அப்பா கிடங்குக் காவலாளி. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வீறிட்ட குழந்தையை மணலின் அம்மா தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுந்து நடமாட இன்னும் நாளாகும் போலிருந்தது.

"வாங்க டீச்சர். இப்பவாவது வழி தெரிஞ்சுதே."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல் வாரம் முடிஞ்சதும் நான்தான் இன்னும் கொஞ்ச நாள் போம்மான்னு சொன்னேன். பொய் சொல்லல. அதுக்கு என் பொண்ணு, 'டீச்சர் வருவாங்கப்பா, வந்து உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டாங்க, பாருங்க'ன்னா. கம்பெனியிலேர்ந்து வந்ததும் முதல் வேலையா அந்த நாற்காலியைத் துடைச்சு வாசல்ல போடுவா. நானும் வந்தா அனுப்பிடுவோம்னுதான் இருந்தேன். எனக்கும் ஒரு சாக்கு வேணும்ல, வீட்டுல சொல்ல? யாரும் வரல. பள்ளிக்கூடத்துக்கே ஞாபகம் இல்லாத பிள்ளையை நான் எங்கேன்னு அனுப்புறது?"

கிளி ஒரு அடி பின்வாங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் உட்கார்ந்தார். கம்பெனி வண்டி வந்து மணல் இறங்குகிறவரை அசையவில்லை. தலையில் கட்டியிருந்த துணியில் நூல் துண்டுகள் ஒட்டியிருக்க, மணல் வாசலில் வந்து நின்றாள். ஸ்கூட்டரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், கடைசியாகக் கிளியைப் பார்த்தாள்.

"நாளைக்கே வந்துடு" என்றார் டீச்சர். "இன்னும் நாள் இருக்கு. நான் பக்கத்துல உட்கார வச்சுச் சொல்லித் தரேன்."

"அம்மா வேலையை என் பேருக்கே மாத்திட்டாங்க டீச்சர். மெஷின்ல உட்கார வச்சுட்டாங்க. நான் நின்னா அந்த இடம் அம்மாவுக்கும் இல்லை. அம்மா போனா இந்தக் குழந்தையை யாரு பார்ப்பா?"

"ஏதாவது வழி பண்ணுவோம். நீ சரின்னு சொல்லு. நான் எழுந்திருக்க மாட்டேன்."

மணல் கொஞ்சம் சிரித்தாள். "எழுந்திருங்க டீச்சர். விடியறதுக்குள்ள வண்டி வந்துடும். நான் தூங்கணும்."

டீச்சர் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். ஒரு வீட்டில் பதில் வாங்காமல் அவர் எழுந்ததைக் கிளி அன்றுதான் பார்த்தாள். "மறுபடி வருவேன்" என்றார். "வாங்க டீச்சர்" என்றாள் மணல், விருந்தாளியிடம் சொல்வதுபோல.

ஸ்கூட்டர் நின்ற இடம்வரை தோழிகள் இருவரும் நடந்தார்கள். டீச்சர் வேண்டுமென்றே பின்னால் மெதுவாக வந்தார்.

"நான்தான்டி" என்றாள் கிளி. "தினமும் உனக்கு உள்ளேன் சொல்லிட்டிருந்தேன்."

"எதுவரைக்கும்?"

"இன்னைக்குக் காலைவரைக்கும்."

மணல் நின்றாள். அவள் திட்டினால் போதும், அடித்தால்கூடப் போதும் என்று கிளி நினைத்தாள்.

"நான் ஒரு வாரம்னுதானே சொன்னேன்" என்றாள் மணல். கோபமே இல்லை. கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று தேடுகிறவள்போல இருந்தது.

"உனக்கு வருகை குறையக்கூடாதுன்னு…"

"ம்."

மணல் மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

"என் இடத்துல யாரு உட்கார்றா?"

யாரும் இல்லை, உனக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும்.

"அடுத்த பிரிவுலேர்ந்து ஒரு பொண்ணு."

"நல்லாப் படிக்கிறாளா?"

"படிக்கிறா."

"சரி" என்றாள் மணல். வீட்டுக்குள் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. தலைத்துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே அவள் வேகமாகத் திரும்பி நடந்தாள்.