வயிறு ரொம்பிடுச்சு

என் பிள்ளைக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்ட தாய் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். "சாப்ட்டியா?" என்று கேட்காமல் ஒருவரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அனுவைப் பார்த்தால் கையில் இருப்பதை அப்படியே அவள் வாயில் திணிப்பார்கள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? அந்த நல்ல மனசில் இடி விழ!

அனுவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. பேச்சு கணீரென்று வரும். ஆனால் நிற்க மாட்டாள், சாய்த்து வைக்காமல் உட்காரவும் மாட்டாள். ஒரு மரபணு பழுதாம். தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, கடைசியில் மூச்சும் நின்றுவிடும் என்று சென்னையில் டாக்டரம்மா சொன்னார். பழுதானதற்குப் பதிலாக நல்ல மரபணுவை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஊசி ஒன்று வந்திருக்கிறது. ஒரே ஊசி. சோதனைக்காகச் சில பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். ஆனால் பிள்ளை பத்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு அனு சரியாகப் பத்தைத் தொட்டிருந்தாள். அடுத்த மாதம் எடை பார்த்துச் சேர்ப்போம் என்றார்கள்.

வளர்கிற பிள்ளை ஒரு மாதம் வளராமல் இருக்க வேண்டும். நான் வேறு என்ன செய்வேன்? குமரக்கோட்டம் முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லி அவளுக்கு மொட்டை போட்டேன், முடியும் எடைதானே. அரைஞாணைக் கழற்றினேன். பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினேன். இரண்டு இட்லி கேட்டால் அரை இட்லி.

"ஊசி போட்டா நீ நடப்ப கண்ணு. யாரு இன்னா குட்த்தாலும் வாயத் தொறக்காத. வயிறு ரொம்பிடுச்சுன்னு சொல்லு" என்று பழக்கினேன்.

ஒருநாள் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தால், என் வீட்டுக்காரர் மணிவண்ணன் தறியை விட்டு எழுந்து வந்து அவளுக்குக் கோயில் இட்லியை ஊட்டிக்கொண்டிருக்கிறார். சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில் இட்லி, மிளகும் சுக்கும் போட்டது. அனுவுக்கு அது என்றால் உயிர். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளையின் வாயிலேயே ஒன்று வைத்தேன்.

"இன்னாடி பொம்பள நீ? பசியில துடிச்சிக்கினு இருக்குது குழந்த!" என்று கத்தினார்.

"யோவ், அவ செத்துப்போனா உன் இட்லி வந்து எழுப்புமா?"

அவர் மிச்ச இட்லியை மடித்து எடுத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். அனு அதற்கப்புறம் யார் எதை நீட்டினாலும் வாயைத் திறக்கவில்லை.

சென்னைக்குக் கிளம்பும்போது அவர் ஒரு இட்லிப் பொட்டலத்தைப் பையில் வைத்தார். ஊசி போட்டதும் நான்தான் ஊட்டுவேன் என்றார். சரி என்றேன்.

ஆஸ்பத்திரி மெஷினில் ஒன்பது கிலோகூட முழுசாக வரவில்லை. காமாட்சி, தாயே என்று கையெடுத்தேன். டாக்டரம்மாவின் முகம் மலரவில்லை.

"போன மாசத்தவிட ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. விழுங்குற தசையும் போக ஆரம்பிச்சிடுச்சு போலிருக்கு. அப்படி ஆன குழந்தைங்கள இதுல சேர்க்க முடியாது."

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா! அவ நல்லா முழுங்குவா. நான்தான் போடல. நான்தான் பட்டினி போட்டேன், பாவி!" என்று அவர் காலில் விழுந்தேன்.

அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "எல்லா அம்மாவும் நல்லா சாப்பிடுறான்னுதான் சொல்றாங்க. சரி, இப்ப ஏதாவது ஊட்டுங்க, பாக்கலாம்."

என் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். மிளகு வாசம் வந்ததும் அனு எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். நான் பார்த்தேன். டாக்டரம்மா அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஆ சொல்லு கண்ணு, அப்பாவப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். அனு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

நான் பிடுங்கி அவள் வாயருகே நீட்டினேன். "துன்னும்மா. அம்மாதான் சொல்றேன், துன்னு. அடிக்க மாட்டேன்டி என் தங்கமே, ஒரே ஒரு வாய்!"

அவள் என் கையைப் பார்த்தாள். இட்லியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வயிறு ரொம்பிடுச்சு" என்றாள் கணீரென்று. சரியாகச் சொன்னோமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.