மேனகாவின் பின்வாங்கு

கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடைக்கும் பல் வைத்தியரின் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஜெபமண்டபம், வெளியே அளந்தால் நாற்பத்திரண்டு அடி நீளம். உள்ளே அளந்தால் முந்நூற்றுப் பத்து அடி. மாநகர சபையிலிருந்து அளக்க வந்த சிவானந்தன் இரண்டு தரம் நாடா பிடித்துப் பார்த்தார். இரண்டு அளவையும் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு வாசற்படியில் குந்தியிருந்து ஒரு சோடா குடித்துவிட்டுப் போனார்.

அது நீளத் தொடங்கியது, மேனகாவை முன்வரிசையிலிருந்து எழுப்பிய அன்றுதான். மஸ்கெலியாத் தோட்டமொன்றில் பிறந்த அவள், வெள்ளவத்தையில் ஒரு லோண்டரியில் துணிகளுக்கு அயர்ன் போடுகிறவள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த அவள் கணவன் யோகராஜ், பாமன்கடையில் அவர்களுடைய ஒற்றை அறையில், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். மேனகா ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வருவாள். அவன் நடக்க வேண்டும் என்று எழுந்து நின்று ஜெபம் கேட்பாள். முதல் வருடம் சபையார் அவளோடு அழுதார்கள். இரண்டாம் வருடம் ஆமென் சொன்னார்கள். மூன்றாம் வருடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் ஷெரோமி கெட்ட மனுஷியல்ல. ஆராதனை தொடங்குமுன் மேனகாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கோவிச்சுக்காத மேனகா. ஒவ்வொரு கிழமையும் நீ அதையே கேக்க, புதுசா வாற ஆக்கள் டிஸ்கரேஜ் ஆகினம். கொஞ்சம் பின்னுக்குப் போய் இரு, என்ன?"

மேனகா பையை எடுத்துக்கொண்டு கடைசி மர வாங்கில் போய் உட்கார்ந்தாள். முதுகில் காற்றுப் பட்டது. திரும்பிப் பார்த்தால், தோளுக்குப் பின்னால் இருந்த சுவர் ஆறடி தள்ளிப் போயிருந்தது. இடையில் வார்னிஷ் மணத்தோடு புதிய வாங்கு ஒன்று கிடந்தது. அப்போதுதான் தொடங்கிய பாட்டு அரை வரியில் நின்றது. மைக்கில் பாஸ்டர் "ஆண்டவரே" என்றார். அது ஜெபமல்ல, பயம் என்று எல்லாருக்கும் விளங்கியது.

அதற்குப் பிறகு, யாராவது அவள் மனதை உடைத்தபோதெல்லாம் மண்டபம் நீண்டது. "உன்ட விசுவாசம் காணாது, அதுதான் அந்தாள் எழும்பேல்ல" என்று மூப்பர் தியாகராசா சொன்னதற்கு மூன்று வரிசை. பெட்ரோல் இல்லாத வருடம் பஸ் ஓடாத ஞாயிறுகளில் அவள் பாமன்கடையிலிருந்து கடற்கரை வழியே நடந்து வந்தாள். வியர்வை நாறுகிறதென்று ஒருத்தி எழுந்து இடம் மாறினாள். அதற்கு இரண்டு. ஆனால் வெளியே, மண்டபத்தை ஒட்டி நின்ற பின்பக்கத்து கராஜின் தகரம் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. மூப்பர்கள் கூட்டம் போட்டு, மண்டபம் மேலும் நீளாமலிருக்க இனி யாரும் அவளோடு ஒரு வார்த்தையும் கதைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அப்போதுதான் அது வேகமாக நீண்டது.

சென்ற வருடம் மாசி மாதத்தில் யோகராஜ் இறந்துபோனான். அடக்கத்துக்கு லோண்டரிக்காரர்கள் வந்தார்கள். சபையிலிருந்து பாஸ்டர் மட்டும் வந்தார். அடுத்த ஞாயிறு மேனகா பஸ் தரிப்பில் நின்று, வந்த இரண்டு பஸ்ஸையும் போகவிட்டாள். மூன்றாவதில் ஏறினாள். மண்டப வாசலில் தியாகராசா கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"இனி எதுக்கு வாறாய்? கேட்டது கிடைக்கேல்லத்தானே?"

அதே கேள்வியைத்தான் விடிந்ததிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கெடைக்கலதாங்க ஐயா," என்றாள். "ஏன் குடுக்கலன்னு அவருகிட்டதானே கேக்கணும். வேற யாருகிட்ட போயி கேப்பேன்?"

அன்று மண்டபம் நூறு அடிக்குமேல் நீண்டது. ஜன்னல்களும் மின்விசிறிகளும் வரிசையாக முளைத்து ஓடின. பெண்கள் அலறினார்கள். தியாகராசா படியில் உட்கார்ந்துவிட்டார். மேனகா கடைசிவரை நடந்துபோய், முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். கடவுளை வாய்க்கு வந்தபடி கேட்டாள். அவ்வளவு தூரத்தில் முன்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சில மாதங்களில் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். புருஷன் அடித்த காயத்தோடு ஜெயராணி வந்தாள். முன்னுக்கு இருக்க முகமில்லாத இன்னும் பலர் வந்தார்கள். புரட்டாதியில் ஷெரோமியின் மகள் ரொஷேலுக்கு, கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டான பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது. வீட்டில் ஏதோ மறைந்த பாவம் இருக்கும் என்று முன்வரிசையில் கதைத்தார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை நடுவில் ஷெரோமி எழுந்தார். முந்நூறு அடியையும் நடந்தார்.

"கொஞ்சம் தள்ளி இருங்க, மேனகா. எனக்கு அங்க இருக்க ஏலாது."

மேனகா தள்ளி இருந்தாள். பிறகு கேட்டாள்: "புள்ளைக்கு என்னா பேரு வைக்க இருந்தாங்க?"

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. ஷெரோமியின் வாய் கோணியது. "ஜோயல்," என்றார். இருவரும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள்.

இப்போது பாஸ்டர் நடு மண்டபத்தில் நின்றுதான் பிரசங்கம் செய்கிறார். மின்குமிழ் மாற்ற ஒரு முழு நாள் வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம், செருப்பைக் கழற்ற வேண்டாம், உள்ளே நடக்க நிறைய இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.