அரப்பில் அழிந்த கோடுகள்

கணையம் என்று ஓர் உறுப்பு உடம்பில் இருப்பதே எங்களுக்குப் போன சித்திரையில்தான் தெரியும். என் வீட்டுக்காரர் அப்பாசாமிக்கு அதில் புற்றுநோய். கட்டி இரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டதால் அறுவை முடியாது. ஊசி மருந்தும் ஒத்துவரவில்லை. கதிர்வீச்சு வைத்தால் நோய் போகாது, முதுகைத் துளைக்கும் வலியாவது அடங்கலாம் என்று சேலத்து டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அது போதும். மனுசன் மல்லாந்து படுத்து அப்போதே இரண்டு மாதம் ஆகியிருந்தது. தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பார்.

கதிர் விழவேண்டிய இடத்தைக் காட்ட வயிற்றில் மையால் கோடு போட்டார்கள். அழியக் கூடாது என்று என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்கள். வாரத்தில் ஐந்து நாள் சேந்தமங்கலத்தில் அவர் தங்கை ராசாமணி வீட்டில் தங்கி, சேலத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தோம். சனிக்கிழமை மலையேறி, குண்டூர் நாடு என்கிற பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து, அரப்புத் தூள் தேய்த்துக் குளிக்காமல் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாமி கும்பிட மாட்டோம். அவர் முதுகை நான்தான் தேய்த்தேன்.

"வயித்துலயும் போடு கண்ணு, நல்லாத் தேயி" என்றார்.

எண்ணெய்ப் பிசுக்கோடு சாமி முன்னால் நிற்கக் கூடாதே என்ற ஒரே நினைப்பு எனக்கு. கோடு ஞாபகத்துக்கு வந்தபோது தண்ணீர் நீலமாக ஓடிக்கொண்டிருந்தது.

திங்களன்று ஆஸ்பத்திரியில் வயிற்றைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்துக் கோடு போடவேண்டுமாம், இரண்டு நாள் வீண். புத்தி கெட்டவள் நான் என்று அங்கேயே அழுதேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் மெல்லச் சொன்னார். "அழுவாத. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அழியட்டும்னுதான் தேய்க்கச் சொன்னேன். போவாத நோவுக்கு எதுக்கு உன்னைய இப்படி அலைய வெக்கறது?"

வந்த கோபத்துக்கு, நோயாளி என்றும் பார்க்காமல் பிடித்து உலுக்கியிருப்பேன்.

"நோவு போவோணும்னு யாருங்க அலையறா? நீங்க ஒரு நாளாச்சும் காலை நீட்டிப் படுக்கோணும். அதைப் பாக்கத்தான் அலையறேன்" என்றேன்.

மறுநாள் ஸ்கேனுக்குக் கூப்பிட்டபோது அவரே முதலில் எழுந்தார். அதற்குப் பிறகு கதிர் முடியும்வரை கோட்டுக்கு நான்தான் காவல்.

முடிந்த மூன்றாம் வாரம், மிளகுக்கொடிகளை மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வாசல் பாயில் மனுசன் மல்லாந்து, காலை நீட்டி, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். சட்டை விலகிய வயிற்றில் மங்கலாகக் கோடு தெரிந்தது. சோறு ஆறினால் ஆறட்டும் என்று, எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.