டாக்டரின் காது

ஆலை இயந்திரத்தில் உடைந்த பேரிங்கை அறுத்து, அதில் ஒரு துண்டைக் கண்ணாடிபோலத் தேய்த்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்திருந்தார் பரிசோதகர். ஆய்வறையில், பெருக்கிய மூலையையே மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள் அவள். அந்தப் பேரிங்கைக் கவனித்துவந்தவர் அவள் கணவர். இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பேரிங்கில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கோளாறு சொல்வதால், ஆலையில் அவருக்கு ‘டாக்டர்’ என்றே பெயர்.

அந்தக் காதை ஆலையின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டதை அவள் ஒருத்தியே அறிவாள். தெரிந்தால் வேலை போய்விடும். அதனால், பெருக்க வரும் சாக்கில் வந்து, கம்பியை அவள்தான் காதில் வைப்பாள். அவர் முன்னால் நின்று மறைத்துக்கொள்வார். பேரிங் உடைந்த அன்று காலையில், ‘சத்தம் இல்லை’ என்று சைகை காட்டியவளும் அவளே.

“நான்தான் சரியா கேக்கல,” என்று அன்றிரவு வீட்டில் அழுதாள். அவர் அவளுடைய உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “அழாதே. நீ கத்துக்குட்டி டாக்டர்தானே,” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, அவள் கன்னத்தைத் துடைத்தார்.

“எண்ணெய்ல குறை இல்ல சார்,” என்றார் பரிசோதகர், நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து, அருகில் நின்ற மேற்பார்வையாளரிடம். “உருளை ஓயாம அழுத்தி அழுத்தி, மேல்பரப்புக்கு அடியில எஃகோட அமைப்பே மாறிப்போச்சு. வெள்ளையா கீத்து தெரியுது பாருங்க, அங்கதான் விரிசல் பிறந்திருக்கு. சுமையைக் கூட்டினீங்க இல்லையா? எஃகு சீக்கிரமே ஓஞ்சுபோச்சு.”

“முன்னாடியே சத்தம் வந்திருக்குமே?”

“விரிசல் மேலே வந்தாத்தான் சத்தம் வரும். அதுவரைக்கும் எந்தக் காதுக்கும் எட்டாது.”

“அப்போ டாக்டர் மேல தப்பில்ல.”

இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சு அவளிடமிருந்து வெளியேறியது. “அதான் சார், நான் கம்பி வெச்சுக் கேட்டப்போ ஒரு சத்தமும் இல்ல.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் மெல்லத் திரும்பினார். “நீ எதுக்கும்மா கேட்டே?”

அவள் குனிந்து பெருக்கத் தொடங்கினாள். அவர் கதவைத் திறந்துகொண்டு இயந்திரக் கொட்டகைக்குள் நடந்தார். அவளும் பின்னால் ஓடினாள்.

புதுப் பேரிங் பொருத்தியாகிவிட்டது. இயந்திரங்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. டாக்டர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். பேரிங்கின் மூடியில் வழிந்திருந்த எண்ணெயை, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோலத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“டாக்டர்,” என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டார். பிறகு, இன்னும் உரக்க, “டாக்டர்.”

கொட்டகையிலிருந்த மற்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.