டவுனில் இருந்த ஒரே சமதரை

எங்கள் டவுனில் ரோடு சாய்வு, கடைகள் சாய்வு, பஸ் ஸ்டாண்டும் சாய்வு. நகர சபை ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் மைதானம் ஒன்றுதான் சமதரை. அதற்கு எதிரே எங்கள் பலசரக்குக் கடை. கடை என் கணவர் சரிபுதீனுடையது என்று போர்டு சொல்கிறது. கல்லாவில் உட்கார்ந்து வாய் காட்டுவது அசீசாவாகிய நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காளியாயி தன் கணவர் மூக்கனை அந்த மைதானத்துக்கு நடக்கக் கூட்டிவருவாள். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருப்பவர்கள். மூக்கன் உர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறிய மனுஷன். போன வருசம் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சமதரையில் நடந்து பழகினால் கால் திரும்பும் என்றார் கிளினிக் டாக்டரம்மா. அவருக்கென்ன, சொல்லிவிட்டார். லயத்து வாசலை விட்டு இறங்கினால் தேயிலைச் சரிவு, சரிவு முடிந்தால் ரோடு வரை கல்படி. காளியாயியின் தம்பி சோலைமலைதான் மூக்கனை முதுகில் தூக்கிவந்து ரோட்டில் இறக்குவான். அங்கிருந்து பஸ்ஸில் வருவார்கள். முதுகில் ஏறும்போது மூக்கன் கண்ணை மூடிக்கொள்வார் என்று அவள் என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

பையை எங்கள் கடையில் வைத்துவிட்டு, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கொடிக்கம்பத்திலிருந்து தண்ணீர்ப் பைப்பு வரை நடத்திப்போவாள். கால் நினைப்பு வராமலிருக்க வாய் ஓயாமல் பேசுவாள். எந்த மலையில் கொழுந்து நல்லது, யார் வீட்டில் சண்டை, எல்லாம். அவர் "ம்" என்பதோடு சரி. அவள் பிடிக்காமலே அவர் பைப்பைத் தொட்ட அன்று என் கடைக்கு ஓடிவந்து டொஃபி வாங்கி, ரோட்டில் போனவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி இருந்திருக்காது.

அந்த நேரத்தில்தான் சபைக்குப் புதுக் கட்டடத் தொகுதி என்ற பேச்சு வந்தது. டவுனுக்கு மேலே, தோட்டம் கைவிட்ட மலையுச்சியில் எல்லா ஆபீசும் ஒரே இடத்தில் வரப்போகிறதாம். செலவுக்குப் பழைய ஆபீசையும் மைதானத்தையும் விற்பார்களாம். ஊர்ச் சொத்தைக் காக்க வேண்டிய சபையே அதை விற்கிறது என்றால், வேலியே பயிரை மேய்கிற கதைதான். ஆபீஸ் போனால் வியாபாரமும் போய்விடுமே என்று என் கணவருக்குச் சோறு இறங்கவில்லை.

மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று கங்காணி சொல்லி அனுப்பியதால் காளியாயியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் படம் காட்டினார்கள். கண்ணாடிக் கட்டடம், பூச்செடி, கோட்டுப் போட்டவர்கள் நடந்துபோகிறார்கள். படம் முழுக்கத் தேடியும் கொழுந்துக் கூடை ஒன்றும் இல்லை. எல்லாம் சிங்களத்தில் ஓடியது. தமிழில் சொல்ல வேண்டியவர் இரண்டு வரி சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். கடைசியில் பெரிய ஐயா ஒருவர், சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கை தூக்காவிட்டால் அன்றைய பேர் விழாது. கை தூக்கு என்றது மட்டும் பின்வரிசைக்குப் புரிந்தது. அரைப் பேர் போடத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து அத்தனை பேரும் தூக்கினார்கள். காளியாயி நன்றாகத் தெரியட்டும் என்று எழுந்து நின்றே தூக்கினாள்.

இவர்களுக்கு விஷயம் விளங்கவில்லை என்று நான் எழுந்து சிங்களத்தில் கத்தினேன். ஐயா கோபப்படவில்லை. எல்லாரும் கை தூக்கிவிட்டார்களே என்று சிரித்தபடி சொல்லி எழுதிக்கொண்டார். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

வாசலில் காளியாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு நடக்கிற எடத்த நானே வித்துட்டேனா அக்கா?"

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மரியாதையாக உட்காரவைத்து, புது இடத்தில் நடைபாதை உண்டு, லிஃப்ட்கூட உண்டு என்றார்கள். அந்த லிஃப்டிடம் போய்ச் சேர பஸ் இல்லை என்றேன். எழுதிக் கொடுங்கள், பார்ப்போம் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். அந்த வாரமே மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள்.

மூக்கனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு ஞாயிறு பஸ் ஓடவில்லை என்றாள், அடுத்த ஞாயிறு தனக்குத் தலைவலி என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் எத்தனை நாள் நிற்கும்? அதற்கடுத்த ஞாயிறு மூக்கன் சோலைமலையைக் கூப்பிட்டு முதுகில் ஏறிவிட்டார். அவள் பின்னாலேயே ஓடிவந்து பஸ் ஏறினாள்.

தகரத்துக்கு முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். பிறகு எங்கள் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். காளியாயி அவர் காலடியில் உட்கார்ந்து, கூட்டத்துக்குப் போனது, எழுந்து நின்று கை தூக்கியது, ஆபீசில் எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது.

அவர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, இடது கையால் அவள் தலையைத் தொட்டார்.

"எந்திரி புள்ள. வீட்டுக்குப் போவோம்."

அழுத முகத்தோடு அவளை பஸ்ஸில் அனுப்ப மனம் வராமல் என் கணவர் வேனை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். லயத்துக்கு ஏறும் கல்படிக்குக் கீழே சோலைமலை காத்திருந்தான். மூக்கன் இறங்கியதும் வழக்கம்போலத் திரும்பிக் குனிந்து முதுகைக் கொடுத்தான்.

மூக்கன் ஏறவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போய் இடது கையால் படியோரக் கல்லைப் பிடித்தார். நல்ல காலை முதல் படியில் வைத்தார். மற்றக் காலை இழுத்துப் பக்கத்தில் சேர்க்க அவருக்கு எவ்வளவு பாடு! காளியாயி பதறிப்போய் முழங்கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையாட்டினார். இன்னொரு படி ஏறினார். அதிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சட்டை முழுக்க வியர்வை.

"இன்னைக்கு என்னத்துக்குங்க இந்த வம்பு?" என்றாள் காளியாயி. "தம்பி தூக்கிட்டுப் போறான்ல?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அசீசாம்மா, நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அத வாங்கி வச்சுக்கிட்டவரு எங்க இருக்காரு?"

"மாடியில," என்றேன்.

"அங்க போகப் படி எத்தன இருக்கும்?"

தினமும் பார்க்கிற ஆபீஸ்தான். நான் எண்ணியதே இல்லை. வாசலிலும் உண்டு, உள்ளேயும் உண்டு, கொஞ்சம் அதிகம்தான் என்று சொன்னேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு, காளியாயியின் தோளைப் பிடித்து எழுந்து, அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார்.