கயிறு கட்டிய நாற்காலி

தலை நரைத்து, பல் பாதி கொட்டி, பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகும் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டம் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. ரப்பர் தோட்டத்துப் பெரிய வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். இப்போது வீட்டையே விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் அதை விடுதியாக்கப் போகிறார்கள். மாப்பிள்ளைக்கு டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை பார்த்திருந்தார் மைத்துனர். கட்டில் உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு, பேசத்தான் ஆள் கிடையாது.

அன்று சாமான்களைப் பங்கு பிரிக்கும் நாள். மைத்துனர் கையில் நீலச் சாக்பீஸ், கொழுந்தியாள் கையில் வெள்ளை. கோடு போட்டது அவரவருக்கு, போடாதது வீட்டோடு. கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டிய நீள மேஜைக்கு நீலம் விழுந்தது. அதன் ஒரு மூலையில்தான் மாப்பிள்ளை இத்தனை நாளும் ஒற்றைத் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேக்கு அலமாரிக்கு வெள்ளை. கரையான் தின்ற பியானோவை யாரும் சீண்டவில்லை.

"உங்களுக்கு எது வேணும்னாலும் கேளுங்க மாப்பிள்ளை. கூச்சப்படாதீங்க" என்றார் மைத்துனர், தாராளமாக, பியானோவைப் பார்த்துக்கொண்டே.

கேட்பதற்கு அவருக்கு ஒன்றே ஒன்று இருந்தது. காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டும் இருந்தார். கூடத்து மூலையில், இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்த அந்தச் சாய்வு நாற்காலி.

அதற்கு ஒரு கதை உண்டு. மாமனார் உயிரோடு இருந்த காலத்தில், வீட்டோடு வந்த மருமகனை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் விட்டால் பால் வெட்டுகிற மரம் எது, ஓய்வுக்கு விட்ட மரம் எது என்று அடையாளம் தெரியாத மனுஷன். ரப்பர் விலை விழுந்த சமயம், பழைய வீட்டைப் பார்க்கக் காசு கொடுத்து ஆட்கள் வர ஆரம்பிக்க, சுற்றிக்காட்டும் வேலையை மருமகன் தலையில் கட்டினார். வீட்டின் சரித்திரமோ மூன்று வரி. கொள்ளுத் தாத்தா காட்டை வெட்டி மரம் வைத்தார், தாத்தா மாடி எடுத்தார், மாமனார் ஓரம் ஓரமாக விற்றார். மூன்றாவதை வெளியே சொல்லவும் முடியாது. ஆகவே மிச்சத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து ஜோடித்தார்கள். கூரை ஒழுகிக் கறுத்த நிலைக்கண்ணாடி, அவர்கள் வாயில் ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்த கண்ணாடி ஆயிற்று.

நாற்காலியை அவர்கள்தான் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினார்கள். நின்று நின்று அவருக்கு இடுப்பு வலி. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய ஒரே மரச்சாமான் அது. வந்த வாரமே ஒரு பார்வையாளர், இது யாருடையது என்று கேட்டுத் தொலைத்தார். மாப்பிள்ளை விழித்தார். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"எங்க கொள்ளுத் தாத்தாவோடது. முதல் மரம் பால் விட்ட அன்னிக்கு இதுல உட்கார்ந்துதான் அழுதாராம்."

கேட்டவர் கண் கலங்கினார். பின்னால் நின்ற மாமனாரும் கலங்கினார். பரணில் கிடந்ததை மகள் தேடி இறக்கியிருக்கிறாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். மறுநாள் யாரும் உட்காராதபடி சிவப்புக் கயிற்றைக் கட்டிவிட்டார். இடுப்பு வலிக்கு வாங்கிய நாற்காலியைக் காட்டிக் காட்டியே மாப்பிள்ளை காலமெல்லாம் நின்றார்.

மாமனார் மதியம் கண்ணயரும்போது மட்டும் அவள் கயிற்றை அவிழ்ப்பாள். அவர் சாய்ந்துகொள்வார். அவள் வலது கைப்பிடியில் உட்கார்ந்து, வாசலில் ஒரு கண் வைத்தபடி, அடுத்த புளுகை யோசிப்பாள். மாமனார் போனார், பின்னால் அவளும் போனாள். அதன் பிறகு அவிழ்க்க வேண்டாம் என்று சொல்ல யாருமே இல்லை. ஆனாலும் அவர் தொடவில்லை. அவிழ்க்க ஒரு ஆள், உட்கார ஒரு ஆள் என்று பழகிவிட்டது.

இப்போது அந்த நாற்காலிமேல் நீலமும் வெள்ளையும் சேர்ந்து விழுந்திருந்தன. சாமான் பிரிக்கும்போது அண்ணன் தங்கைக்குள் பொங்கும் பாசம் இருக்கிறதே, அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"மூத்தவன் நான். எனக்குத்தான் வரணும்."

"மத்த எல்லாத்தையும் நீயே வாரிக்கோ அண்ணா. இதை மட்டும் எனக்கு விட்டுடு. அக்கா இந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுவா."

"அந்த நாற்காலி வந்து..." என்று மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அது உண்மையில..."

"நீங்களே சொல்லுங்க அத்தான்" என்று கொழுந்தியாள் திரும்பினாள். "எங்க அப்பா பொய் சொல்லுவார். அண்ணனைக் கேக்கவே வேண்டாம், மூச்சுக்கு மூச்சு. அக்கா வாயிலேர்ந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்ல."

ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி அவருக்கு. பெண்டாட்டி பொய்க்காரி ஆகிவிடுவாள். உயிரோடு இருந்தால் சிரித்தே சமாளித்திருப்பாள். இல்லாதவள் எப்படிச் சமாளிப்பாள்?

"உண்மையில கொள்ளுத் தாத்தாவோடதுதான்" என்றார். சொன்னதும் நெஞ்சு வலித்தது. இடுப்பும் வலித்தது.

பதிலுக்கு நிலைக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு மைத்துனர் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். கொழுந்தியாள் போனை நீட்டினாள். "ஒரு தடவை முழுசா சொல்லுங்க அத்தான். பசங்களுக்குப் போட்டுக் காட்டணும்."

அவர் சொன்னார். காடு, முதல் மரம், பால், அழுகை எல்லாம் சொல்லி முடித்தும் வாய் நிற்கவில்லை.

"அவர் இதுல சாயும்போது உங்க கொள்ளுப் பாட்டி இந்த வலது கைப்பிடில உட்காருவாங்க. எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பாங்க. அதான் இது ஆடுது."

"இதை அக்கா சொன்னதே இல்லையே."

"அவ சொல்ல மாட்டா."

கொழுந்தியாள் கைப்பிடியை லேசாக ஆட்டிப் பார்த்தாள். லாரிக்காரர் வந்து கயிற்றை அவிழ்த்து நாற்காலியைத் தூக்கியபோது, "அந்தக் கைப்பிடியைப் பாத்துங்க, எங்க பாட்டி உட்கார்ந்தது" என்று கூடவே ஓடினாள்.

லாரிக்காரர் திரும்பி வந்து கயிற்றைக் காட்டினார். "இது யாருக்குங்க?"

அதில் எந்தக் கோடும் இல்லை. மாப்பிள்ளை கையை நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளே தன் அறைக்குப் போய், டவுனுக்குக் கொண்டுபோக வேண்டிய படுக்கையைச் சுருட்டி, அந்தக் கயிற்றால் கட்டினார். முடிச்சுப் போடும்போது மட்டும், மேலே விரல் வைத்து அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் கொஞ்சம் சிரமப்பட்டார்.