மாசிலாமணி கல்லறையின் கடைசி வரி

பெபிஷாவுக்கு ஜெபிஷைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவள் அப்பா சுந்தரராஜுக்கு அது ஆகாது. பையன் தங்கமானவன், குழித்துறையில் சொந்தமாக மருந்துக்கடை, ஒரே சபை. எல்லாம் சரிதான், முறைதான் இடித்தது.

“அவன் ஒனக்கு அண்ணன் முறையாக்கும் மக்கா. ஒனக்க பூட்டன் முத்துநாயகமும் அவனுக்க பூட்டன் மாசிலாமணியும் ஆபேல் உபதேசியாருக்க மக்க. சந்தேகம்னா கல்லறைத் தோட்டத்துல போய்ப் பாரு. மூணு பேரும் ஒரே மதிலுக்குள்ள கெடக்காவ.”

சொன்னதுதான் தாமதம், சனிக்கிழமை காலையிலேயே அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பெபிஷா கிளம்பிவிட்டாள். தேங்காய்த் தும்பு, மைதா மாவு, மண்வெட்டி எல்லாம் கூடவே வந்தன.

சுந்தரராஜ் மதில்மேல் உட்கார்ந்து மிக்சர் கொறித்தார். அவள் தும்பால் பாசியைத் தேய்த்து, எழுத்து வெள்ளையாகத் தெரிய அதன் குழிகளில் மாவைப் பூசினாள். ஆபேல் உபதேசியார். பக்கத்தில் முத்துநாயகம், ‘ஆபேல் உபதேசியாரின் மகன்’.

“நான் சொல்லல்லியா?” என்றார் அப்பா. பெபிஷா அந்த வரியையே மறுபடி மாவால் தேய்த்தாள். ஜெபிஷிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

மாசிலாமணியின் கல் பாதி மண்ணில் புதைந்திருந்தது. பெயர், வருடம், ஒரு வசனம். அதற்குக் கீழே மண்ணை வெட்டித் தள்ளினாள். அங்கேயும் ஒரு வரி. அதிலும் மாவைப் பூசினாள்.

“அப்பா, இங்க வந்து வாசிங்க.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ‘ஆபேல் உபதேசியாரின் மூத்த மகள் அன்னம்மாளின் கணவர்.’

அட, மகனே இல்லை, மருமகன்! வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து அங்கேயே அடங்கியவர். அதை வெளியே சொல்ல எந்தக் குடும்பத்துக்குத்தான் வாய் வரும்? மகன் மகன் என்று சொல்லியே மகனாக்கிவிட்டார்கள். அண்ணன் தம்பி வழியில் வந்த பிள்ளைகள் கட்டக்கூடாது. அக்கா தம்பி வழியில் வந்தால் கட்டுகிற முறையே அதுதான்.

சுந்தரராஜ் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு காரணம் யோசிக்கிறாரோ என்று பெபிஷா பயந்தாள். அவர் போனை எடுத்தார். ஜெபிஷின் அப்பா ஞானதாஸை, விவரம் தெரிந்த நாள் முதல் அவர் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

தொண்டையைச் செருமினார்.

“அத்தான், சுந்தரராஜாக்கும்.”

பெபிஷா மாவுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள்.

“எந்த அத்தானா? நேர்ல வந்து சொல்லுகேன். சாயங்காலம் எல்லாரும் வீட்டுல இருங்க. மாப்பிள்ளையும் இருக்கணும்.”